ஒன்பதாம் எண்

(பள்ளி ஆசிரியர்கள் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பால்புதுமையினருக்காக, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத பாலினமோ ஈர்ப்போ உள்ளவர்களுக்காக, நம் பக்கத்தில் இயங்குகிற அமைப்புகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் சமூக சேவகன் இல்லை, வக்கீலும் இல்லை. முப்பத்தோரு ஆண்டு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து, வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பதிவேட்டில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஓர் எண் வரும். ஆண்பிள்ளைகள் வகுப்பில் அதைச் சத்தமாகக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதோ, பின்வரிசையில் இரண்டு பேர் இப்போதே சிரித்துவிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ வசவு உண்டு. ஓர் எண்ணையே வசவாக்கி வைத்திருக்கிறோம் நாம். ஓர் ஆண்டு அந்த எண் ஒரு பையனுக்கு விழுந்தது. பதினொன்றாம் வகுப்பு. மெல்லிய குரல், நடையில் ஒரு நளினம். தினமும் காலையில் நான் எண்ணைச் சொல்வேன், அவன் ‘உள்ளேன் ஐயா’ என்பான், வகுப்பு சிரிக்கும். சில நாள் நானும் சிரித்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். அவன் ‘அப்படிப்பட்டவனா’ இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

‘அப்படிப்பட்டவன்’ என்றேன், கவனித்தீர்களா? அந்த ஆண்டு என்னிடம் இருந்த ஒரே சொல் அதுதான். எம்.ஏ. தமிழ் படித்தவன், அகராதி புரட்டுவதே பிழைப்பாக வைத்திருந்தவன், ‘அப்படி’, ‘ஒரு மாதிரி’, ‘அந்த மாதிரி ஆள்’ என்று சுட்டு விரலால்தான் பேச முடிந்தது. இந்த அமைப்புகள் செய்த வேலைகளில் முதன்மையானது எது என்று என்னைக் கேட்டால், அந்தச் சுட்டு விரலை மடக்கவைத்ததுதான் என்பேன். இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

இலக்கணத்தில் சொல்லே இல்லாமல் இல்லை. தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம், நான்காம் நூற்பா. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கிற பெயரும் தெய்வத்தைக் குறிக்கிற பெயரும் அந்த ஒரே நூற்பாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் தனி விகுதி கிடையாது. இரண்டும் உயர்திணையின் விகுதிகளை எடுத்துக்கொள்ளும் என்கிறார் தொல்காப்பியர். பன்னிரண்டாம் நூற்பாவில் இன்னொன்றும் சொல்கிறார்: அப்படிப்பட்ட பெயர் ஆண்பால் வினை கொள்ளாது. ‘பேடி வந்தாள்’ என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். அதாவது, பெண்ணாக வாழ்கிறவரை ‘அவன்’ என்று எழுதினால் தொல்காப்பியப்படி அது வழு. இன்றைய சில நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கத்தை இந்த நூற்பாவை வைத்துத் திருத்தினால் சிவப்பு மை தீர்ந்துபோகும்.

நன்னூல் எழுதிய பவணந்தியார் இன்னும் ஓரடி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவர் பெண்பால். ‘அவாவுதல்’ என்ற வினையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உடம்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அவர் எதை விரும்புகிறாரோ அந்தப் பால் என்கிறார். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்வதே போதும், அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது எனக்குப் பவணந்தியார் நினைவுதான் வந்தது.

அதற்காக, அன்றே நாம் எல்லாம் சொல்லிவிட்டோம் என்று மார் தட்டிக்கொள்ள நான் வரவில்லை. அதே நன்னூல் நூற்பாவின் கடைசித் துண்டு, இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று இடம் கொடுத்துவிடுகிறது. திருக்குறளில் பேடி வருகிற இடம் இரண்டிலுமே பேடி கை வாள் பயனற்றதற்கு உவமை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடி ஆடல் உண்டு. ஆடலாக இருந்தால் மேடை கிடைக்கும், ஆளாக வந்தால் வாசலில் நிற்க வேண்டும். மரபு நம் கையில் தருவது கலப்படச் சரக்கு. இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு ஆண்டும் அந்த நான்காம் நூற்பா வரும்போது, ‘இது தேர்வுக்கு வராது, அடுத்தது’ என்று பக்கத்தைத் திருப்பியவன் நான். வகுப்பு சிரித்துவிடும் என்ற பயம்.

பிற்காலத்தில் தெருவில் புழங்கியது ‘அலி’. அதற்குப் பதிலாகக் கூவாகம் ஊரில் கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவானின் கதையிலிருந்து ‘அரவாணி’ வந்தது. மரியாதையான சொல்தான். ஆனால் அரவானுக்கு ஓர் இரவு மனைவியாகி மறுநாள் விதவையாகிறவள் என்ற கதையைத் தலையில் சுமந்துகொண்டே ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் போக வேண்டியிருந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு நலவாரியம் அமைத்தபோது அதன் பெயரும் அரவாணிகள் நலவாரியம்தான். பிறகுதான் ‘திருநங்கை’ ஊன்றியது. மதுரையில் பிறந்த பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ், அன்றைய முதல்வர் மு. கருணாநிதி ஆகிய இருவரையும் அந்தச் சொல்லோடு சேர்த்துப் பேசுவார்கள். யார் முதலில் சொன்னார் என்பதைவிட, பத்தே ஆண்டில் பேருந்து நடத்துநர் வாயில் அது ஏறிவிட்டது என்பதுதான் எனக்கு வியப்பு. ‘செம்மொழி’யைக்கூட நாம் அவ்வளவு வேகமாகப் பரப்பவில்லை. பிறப்பில் பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்கிறவருக்குத் ‘திருநம்பி’ என்ற சொல் அதன் துணையாகவே வந்தது.

‘மூன்றாம் பாலினம்’ என்று இன்னும் சில கடிதங்களில் எழுதுகிறார்கள். முதல் இரண்டு இடத்துக்கு எப்போது தேர்வு நடந்தது என்று தெரியவில்லை.

அமைப்புகளுக்கு வருகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். அந்த நோயின் பின்னால்தான் பணம் வந்தது. பணத்தின் பின்னால் அமைப்புகள் வந்தன. 1998இல் சுனில் மேனன் சென்னையில் தொடங்கிய சகோதரன் அந்தத் தலைமுறை. ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, போலீஸ் பிடித்தால் போய் நிற்பது. உயிர் காத்த வேலை. குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நோய்க்காக வந்த பணத்துக்கு ஒரு குணம் உண்டு: எண்ணக்கூடியதைத்தான் அது கேட்கும். எத்தனை ஆணுறை, எத்தனை ஊசி, எத்தனை பேர். சங்கரன்கோவிலில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தால், அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டத்துக்கு வெளியே சென்னையில் பிறந்த கூட்டு ‘ஓரினம்’. 2003 இறுதியில் சில நண்பர்கள் மூவன்பிக் என்ற வேற்றுமொழிப் பெயரில் கூடத் தொடங்கினார்கள். 2006இல் ஓரினம் ஆயிற்று. சம்பளத்துக்கு ஆள் கிடையாது, சங்கமாகப் பதிவும் கிடையாது, எல்லாம் தன்னார்வலர்கள். ஒருவருக்கொருவர் துணையாகக் கூட்டம், தொலைபேசியில் காது கொடுக்க ஆள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து, சட்டம் தெரிந்த நண்பர்கள், பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது. பெயரை மட்டும் ஒரு தமிழ் வாத்தியார் கண்ணால் பாருங்கள். செய்தித்தாளில் ‘ஓரினச்சேர்க்கை’ என்று போடுவார்கள். சேர்க்கை என்பது செயல். கணவன் மனைவியை அறிமுகப்படுத்தும்போது, ‘இவர்கள் ஈரினச்சேர்க்கையாளர்கள்’ என்று யாராவது சொல்வோமா? சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்போம். இவர்கள் அந்தச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டு ‘ஓரினம்’ என்று நிறுத்திக்கொண்டார்கள். நாம் எல்லோரும் ஓர் இனம் என்றும் படிக்கலாம். இதைவிடச் சிக்கனமான திருத்தத்தை நான் விடைத்தாளில்கூடச் செய்ததில்லை.

நான் இதற்குள் வந்தது ஒரு துண்டறிக்கை வழியாக. ஓய்வு பெற்ற மறு ஆண்டு, இப்படி இயங்குகிற ஒரு சிறு குழுவிலிருந்து ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். பெற்றோருக்கான நான்கு பக்க அறிக்கை. தமிழைப் பார்த்துத் தர வேண்டும். முதல் வரியே ‘தங்கள் மகன் அல்லது மகளின் பாலியல் சார்புநிலை’ என்று ஓடியது. பிழை ஒன்றும் இல்லை, ஆனால் வட்டாட்சியர் அலுவலக வாசனை.

“ஐயா, எங்கம்மாவுக்குப் புரியுற மாதிரி இருக்கணும்” என்றார்.

“அம்மா என்ன படிப்பாங்க தம்பி?”

“தினத்தந்தி. அதுலயும் ராசிபலன் மட்டும்.”

சரி, ராசிபலன் தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். மதியம் தொடங்கியது, விளக்கு வைக்கும் நேரம்வரை போனது. ‘சார்புநிலை’யை அடித்தோம். ‘உங்கள் பிள்ளைக்கு யார் மேல் மனசு போகிறது’ என்று போட்டோம். ‘குணப்படுத்த இயலாது’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தால் புற்றுநோய் என்று நினைப்பார்கள் என்றேன். ‘இது நோய் இல்லை, அதனால் மருந்தும் இல்லை’ என்று மாற்றினோம். ‘கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்’ என்பது தமிழ்நாட்டின் முதல் மருந்துச்சீட்டு. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: “அந்தப் பொண்ணையும் யோசிங்கன்னு எழுதுவோம் ஐயா.” அப்படியே எழுதினோம். அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த வரி இன்றும் அதுதான். அது என்னுடையது அல்ல.

போகும்போது கேட்டேன், “அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” அவர் தாளை மடித்துப் பையில் வைத்தபடி, “இதைக் குடுத்துட்டுத்தான் சொல்லணும்” என்றார்.

இனி நீதிமன்றம். 2021 ஜூன் 7, சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். வீட்டார் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் கதவைத் தட்டியது. அந்தப் பெண்களுக்குச் சென்னையில் ஒதுங்க இடமும் துணையும் கொடுத்தவர்கள் தன்னார்வ அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். அந்த வழக்கில் நீதிபதி செய்த காரியம் நம் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாடம். எனக்கு இது புரியவில்லை, என்னிடமும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் உத்தரவு எழுதினார். நாம் புத்தொளிப் பயிற்சிக்கே விடுப்புக் கடிதம் கொடுக்கிறவர்கள்.

அந்த உத்தரவு சொன்னது இது: வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்ந்திருந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு ‘காணவில்லை’ புகாரை முடித்துவிட வேண்டும். ‘மாற்றிக்காட்டுகிறேன்’ என்று சிகிச்சை செய்யக் கூடாது. உதவுகிற தன்னார்வ அமைப்புகளின் பட்டியலை ஒன்றிய அரசு வெளியிட வேண்டும். பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோரிடம் பேச வேண்டும். அந்தக் கடைசி வரி நமக்கு. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு புதிய விதியைச் சேர்த்தது: பால்புதுமையினரையும், கவனியுங்கள், அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும், எந்தக் காவலரும் தொல்லைப்படுத்தக் கூடாது. ஒரு தன்னார்வலர் இரவு பதினோரு மணிக்குக் காவல் நிலையத்துக்குள் நுழையும்போது கையில் பிடித்துக்கொள்ள இப்போது ஒரு விதி எண் இருக்கிறது.

அதே வழக்கின் தொடர்ச்சியில்தான் சொற்பட்டியலும் வந்தது. இச்சமூகத்தவர் தாமே தொகுத்துக் கொடுத்த சொற்களிலிருந்து தொடங்கி, இழுபறிக்குப் பிறகு, 2022 ஆகஸ்டில் அரசிதழில் ஏறியது. தன்பாலீர்ப்பு, ஊடுபால், பால்புதுமையர். ‘சேர்க்கை’ போய் ‘ஈர்ப்பு’ வந்ததும் செயலிலிருந்து மனசுக்கு வந்துவிடுகிறது பேச்சு. ‘ஊடுபால்’ நல்ல கூட்டுச்சொல். பிறக்கும்போதே ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காத உடலமைப்புள்ளவர். 2019இல், தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தபோது, ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமில்லாமல் கத்தி வைப்பதையும் நிறுத்தச் சொன்னது. அவ்வாண்டே அரசாணை வந்தது. ‘பால்புதுமை’தான் எனக்கு முதலில் தொண்டையில் சிக்கியது. தொல்காப்பியத்தில் இருப்பவருக்கு என்ன புதுமை? ஆனால் 2025 மே மாதம், வேலூர்ப் பக்கத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, அகராதியில் அதற்கு விசித்திரம் என்றல்லவா பொருள் என்று எழுதினார்கள். சங்கடம் ஆங்கிலத்துக்குத்தான். நம் சொல்லில் விசித்திரம் இல்லை. புதுமை இருக்கிறது, அதைத் திட்டாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரத்த உறவு இல்லாமல் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னதும் அதே உத்தரவுதான். ஒரே பாலினத்தவர் இருவருக்குக் கல்யாண உரிமை இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, இது சின்ன ஆறுதல் இல்லை.

கொண்டாட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். ‘உதவி செய்யுங்கள், சரி, தெருவில் எதற்கு ஆட்டம்?’ என்று என் சம்பந்தி கேட்டார். கூவாகத்தை நினைத்துப் பாருங்கள். சித்திரைப் பௌர்ணமி இரவு பூசாரி கையால் தாலி. கை நிறையக் கண்ணாடி வளையல், தலை கொள்ளாத மல்லிகை. விடிந்து தேர் நகர்ந்ததும் அதே தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை. நம் மரபு இவர்களுக்கு ஒதுக்கிய பெரிய திருவிழா ஒப்பாரியில் முடிகிறது. ஒப்பாரி இல்லாத ஒரு நாள் வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? சென்னையில் முதல் வானவில் ஊர்வலம் 2009 ஜூன் 28, மெரினாவில். நான்கே நாளில், ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் சம்மத உறவுகளுக்குச் செல்லாது என்றது. 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அதை உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6இல் அதே நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மத உறவுகளை அதிலிருந்து விடுவித்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலும் ஜூன் மாதம் வந்தது, ஊர்வலமும் நடந்தது. 2012இல் மதுரை, சிருஷ்டி என்ற மாணவர் அமைப்பு அங்கே பாலினப் புதுமையருக்கான ஊர்வலம் நடத்தியதோடு, பாலினம் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழும் தேடியது. கோபி சங்கர் அதை நடத்தியவர். அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம்.

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்பவர்களுக்கு ஒரே வரி: 377ஆம் பிரிவை எழுதியது 1860ஆம் ஆண்டின் வெள்ளைக்கார அரசு, கிளவியாக்கத்தை எழுதியவர் தொல்காப்பியர்.

குறையும் உண்டு. பெரும்பாலான அமைப்புகள் சென்னையில் இருக்கின்றன. தொலைபேசியை எடுக்கிறவர் நல்ல மனசுக்காரர். ஆனால் அவர் தமிழ் மாநகரத் தமிழ். கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மா அழுதுகொண்டே, “எம்புள்ள அப்படியாமே சார்” என்று சொல்கிறபோது, அந்த ‘அப்படி’க்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் கேட்க அந்த வட்டாரத்துக் காது வேண்டும். திருநங்கையருக்கு நலவாரியம் இருக்கிறது, தங்களுக்குள் குடும்பமாகக் கூடிய ஜமாத் இருக்கிறது, அரசு கொடுக்கும் அடையாள அட்டை இருக்கிறது. திருநம்பிக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் அவ்வளவு இல்லை. அவர்களுடைய ஊரில் அவர்களுக்கு இன்னும் ஒரு திட்டுகூடக் கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்கள். இந்த அரங்கில் பல மாவட்டத்துக்காரர்கள் இருக்கிறீர்கள். மாலை நேரத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தொலைபேசியில் கேட்க முடிந்தவர்கள், பயிற்சி கொடுக்கக் குழுக்கள் தயாராக இருக்கின்றன, வெளியே மேசையில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

அதற்கு நேரமில்லாதவர்களிடம் சின்னதாக ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை பதிவேட்டைத் திறப்பீர்கள். எட்டுக்கு அடுத்த இடத்தில் எண்ணைச் சொல்லாதீர்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்படியும் யாராவது சிரித்தால், நீங்கள் சிரிக்காதீர்கள்.